கீழ்த்தட்டு எலிகள்

சிங்காநல்லூர்
12.1.1997

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஆல்வின் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். நீங்களும் மாமாவும் இளவேனில் குட்டியும் அங்கே சௌக்கியமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து ஜெரோம் மாமா முகம்தான் கண்ணில் நிற்கிறது. சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. காசநோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றீர்கள். சரிதான். ஆனாலும் உடம்பில் கொஞ்சம் தெம்பு ஏற வேண்டாமா? அதற்காகத்தான் இந்தப் பார்சல்.

உள்ளே இரண்டு பாட்டில் லேகியம் இருக்கிறது. பொள்ளாச்சியில் சென்னகிருஷ்ணன் என்று ஒரு ஆயுர்வேத வைத்தியர் கிண்டுவது. சீந்தில் கொடி, அமுக்கராக் கிழங்கு, நெல்லிக்காய், நெய், கருப்பட்டி எல்லாம் சேர்ந்தது. "எலிக்கு லேகியம் குடுக்கறதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே?" என்று சிரித்தீர்களே, அதே லேகியம்தான்.

இப்போது சிரிக்க மாட்டீர்கள். உடம்பில் நோயை எதிர்த்து நிற்பது இரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள். எங்கள் லேபில் வெள்ளெலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு லேகியமும் இன்னொரு கூட்டத்துக்கு வெறும் வெல்லத் தண்ணீரும் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து வாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணினேன். லேகியம் சாப்பிட்ட எலிகளுக்கு அணுக்கள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! எனக்கு வழிகாட்டும் நஞ்சப்பன் சார் நோட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இது பெருசா வரும்போல இருக்குதுங்க ஆல்வின்" என்றார். பண்ணையத்தில் சாணி அள்ளின ராசப்பன் மகனை 'ங்க' போட்டுப் பேசினார், அக்கா. அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

மாமாவைக் காலையும் சாயங்காலமும் ஒரு ஸ்பூன் சாப்பிடச் சொல்லுங்கள். குட்டிக்கு என் முத்தம்.

உங்கள் தம்பி,
ஆல்வின்


காங்கேயம்
2.2.97

கண்ணு ஆல்வினுக்கு,

அக்கா எழுதறது. மாதா புண்ணியத்துல நாங்க இருக்கறோம். நீ வேளைக்குச் சாப்பிடறயா, இல்ல அந்த எலிக கூடவே குடித்தனம் பண்றயா?

பார்சல் வந்து சேந்துச்சு. மாமா மொத நாள் மூஞ்சியைச் சுளிச்சாரு. இப்ப அவரே பாட்டிலைத் தேடறாரு. ரெண்டு வாய் சோறு கூட எறங்குது. நீ எழுதின கடுதாசியை நான் ரெண்டு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டினேன். "உன்ற தம்பி பெரிய ஆளாயிட்டானாட்ட இருக்குதே"ன்னாரு.

மாத்திரைதான் பெரிய ரோதனையா இருக்குது. தின்னவொடனே வயித்தைப் பொரட்டுது. ஒண்ணுக்குச் செவப்பாப் போகுது, மொதல்ல ரத்தம்னே பயந்துபோட்டாரு. எண்ணெய் மில்லு களத்துல வெயில்ல நின்னு தேங்காப் பருப்பைக் கெளறி உடற வேலை, நின்ன வாக்குலயே தலை சுத்துதுங்கறாரு.

இன்னொண்ணு, உனக்கு மட்டும் சொல்றேன். மாத்திரையை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறேன். நான் பால்வாடி டீச்சரு. இருபத்திரெண்டு பிள்ளைக வருதுக. நம்ம அப்பா பண்ணையத்துல நின்ன தோட்டத்து ராசாத்தாள் அம்மா பேரன் தீபக்கும் இந்த வருசந்தான் வாரான். நான் உருட்டிக் குடுக்கற சத்துமாவு உருண்டையை அந்த ஊட்டுப் பிள்ளை வாங்கித் திங்கறது இந்த ஊருக்கே புதுசு. எங்க ஊட்டுல காசநோயின்னு தெரிஞ்சா என்னாகும், நீயே நெனச்சுப் பாரு. லேகிய பாட்டில் அலமாரியில வெளிப்படையா இருக்குது. ராசாத்தாள் அம்மா பாத்துப்போட்டு, "தெம்புக்குங்களா டீச்சர்? எனக்கும் ஒண்ணு வரவெச்சுக் குடுங்க"ன்னாங்க. அது வெட்கப்படத் தேவையில்லாத மருந்து.

அதனால உன்னைய ஒண்ணு கேக்கறேன். இந்த லேகியமே எதிர்ப்பு சக்தியை ஒன்றரை மடங்கு ஏத்துதுன்னா, மாத்திரையை நிறுத்திப்போட்டு இதையே சாப்பிட்டாப் போதுமா? நீ படிச்சவன். ஒரு வரி எழுதிப்போடு, கண்ணு. நீ சொன்னா அவரு கேப்பாரு.

உன் அக்கா,
மெர்சி


சிங்காநல்லூர்
5.3.97

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆசை. உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டிசம்பரில் பெங்களூரில் ஒரு பெரிய மாநாடு நடக்கிறது. எங்கள் லேகியச் சோதனையை அங்கே வாசிக்கப் போகிறோம். சுருக்கத்தை இப்போதே அனுப்ப வேண்டும் என்று நஞ்சப்பன் சார் அவசரப்படுத்துகிறார். நடுவில் இன்னொரு சோதனை வேறு. அதற்கு ஆட்டு இரத்தம் வேண்டும். கறிக்கடை முஸ்தபா பாய் விடியற்காலையில் பிடித்துத் தருகிறார். பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் "காப்பிங்களா தம்பி?" என்று கேட்கிறார்! இங்கே தினமும் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. லேப் வாசலில் ஜெனரேட்டர் கத்துகிற கத்தலில் எனக்கே மண்டை வெடிக்கிறது.

மாமாவுக்குச் சோறு இறங்குகிறது என்று படித்துச் சந்தோஷம். இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். விடாமல் தொடர்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

இளவேனில் பள்ளிக்கூடத்தில் சேர இன்னும் ஒரு வருடம் இருக்கிறதல்லவா? பலகையும் பல்பமும் நான்தான் வாங்கித் தருவேன்.

அன்புடன்,
ஆல்வின்


காங்கேயம்
31.3.97

கண்ணு ஆல்வினுக்கு,

நேத்து ஈஸ்டரு. கோயிலுக்கு மூணு பேரும் போயிட்டு வந்தோம். நீ இல்லாதது ஒண்ணுதான் கொறை. உடம்பைப் பாத்துக்கோ.

மாமாவைப் பாத்தா நீ அடையாளம் கண்டுபுடிக்க மாட்டே. அரிசி மண்டித் தராசுல ஏறி நின்னாரு, அஞ்சு கிலோ கூடியிருக்குது! வயித்துப் பொரட்டலும் இல்ல, தலை சுத்தலும் இல்ல. களத்து வேலைக்கு ஒரு நாள் தவறாமப் போறாரு. கோயில்ல பாட்டுக் கூடப் பாடினாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துபோச்சு.

நீ சொன்னாப்புலயே செய்யறோம். மாநாட்டுக்குப் போறப்ப நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போ.

உன் அக்கா,
மெர்சி


சிங்காநல்லூர்
18.5.97

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து போய்விட்டது, பயப்பட ஒன்றுமில்லை.

மாநாட்டில் எங்கள் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். சார் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். லேபில் புதிதாக உம்மல் குல்சும் என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். நான் செய்த சோதனையை அவர் முதலிலிருந்து ஒரு தடவை செய்து பார்க்கப் போகிறார். கட்டுரைக்கு அது பலம் என்று சார் சொல்கிறார். சரி என்றேன்.

லேகியம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆல்வின்

பி.கு: போன கடிதத்தில் 'நீ சொன்னாப்புலயே' என்று எழுதியிருந்தீர்கள். மாமா மாத்திரையும் கூடவே சாப்பிடுகிறார்தானே?


காங்கேயம்
20.7.97

கண்ணு ஆல்வினுக்கு,

நாங்க நல்லா இருக்கறோம். காய்ச்சல் வந்துதுன்னு எழுதியிருந்தே, கஞ்சி வெச்சுக் குடிச்சயா? உனக்குச் சீக்கிரமா ஒரு பொண்ணைப் பாக்கோணும்.

ஆடிக்காத்து ஆரம்பிச்சாச்சு. வாசக் கதவைத் தொறக்க முடியலை, மண்ணா வந்து கொட்டுது. ஊரே இருமுது. மாமாவுக்கும் இருமல்தான். இளவேனிலுக்கும் லேசா.

பால்வாடிக்கு ஆபீசரம்மா வந்து பாத்துப்போட்டு நல்லா நடத்தறீங்கன்னு எழுதி வெச்சுட்டுப் போனாங்க.

வேலை கெடக்குது. அப்பறம் எழுதறேன்.

மெர்சி


சிங்காநல்லூர்
24.8.97

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதுவதோடு, இந்தத் தடவை ஒரு கேள்வியும். அதற்கு மட்டும் பதில் வந்தால் போதும்.

போன மாதம் நீங்கள் போட்ட இன்லண்ட் கடிதத்தில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருந்தது. ஓரத்தில் கூட ஏறி எழுதுகிறவர் நீங்கள். அந்த வெற்றிடத்தையே ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் மேயில் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உம்மல் குல்சும் தன் சோதனையை முடித்துவிட்டார். லேகியம் சாப்பிட்ட எலிகளுக்கும் சாப்பிடாத எலிகளுக்கும் வித்தியாசமே இல்லை. நேற்று அவர் என்னிடம், "நீங்க ரெண்டு கூட்டத்தையும் ஒரே தட்டுல வெச்சீங்களாண்ணா?" என்று கேட்டார். நான் வைக்கவில்லை. லேகிய எலிகள் மேல்தட்டில், ஜன்னல் பக்கம். வெல்லத் தண்ணீர் எலிகள் கீழ்த்தட்டில், கதவோரம். கதவுக்கு வெளியேதான் ஜெனரேட்டர். அந்தப் புகையிலும் சத்தத்திலும் ஒரு மாதம் கிடந்தால் எந்த உயிருக்கும் உடம்பு கெடும். மேல்தட்டு எலிகளுக்கு அணுக்கள் ஏறவே இல்லை, அக்கா. கீழ்த்தட்டு எலிகளுக்குத்தான் இறங்கியிருக்கிறது. அதைத்தான் நான் ஒன்றரை மடங்கு என்று எண்ணியிருக்கிறேன்.

மாமா மாத்திரை சாப்பிடுகிறாரா, இல்லையா? சாப்பிடவில்லை என்றால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆல்வின்


காங்கேயம்
9.9.97

கண்ணு,

நல்லா இருக்கறோம்னு எழுதறதுக்குக் கை வரலை. மாமாவைப் பெரிய ஆஸ்பத்திரியில சேத்தியிருக்குது.

உன்ற கடுதாசி வந்து பத்து நாளாச்சு. ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூப்பிடறதுன்னு நான் யோசிச்சுட்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை களத்துல நின்னவரு இருமிட்டே உக்காந்துட்டாராம். காயப்போட்ட தேங்காப் பருப்பு மேல ரத்தம். மில்லுக்காரங்கதான் வேன்ல போட்டுட்டுப் போயிருக்கறாங்க. மார்ச் மாசத்துல இருந்து மாத்திரை எடுக்கலைன்னு நான் டாக்டருகிட்டச் சொன்னேன். அவரு என்னைய ஒண்ணும் திட்டலை. புதுசா ஒரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சாரு, அவ்வளவுதான். திட்டியிருந்தாத் தேவலை.

பாதியில நிறுத்தினதால பழைய மாத்திரை மட்டும் போதாதாம். ரெண்டு மாசம் தினமும் ஊசி, மொத்தம் எட்டு மாசம் மருந்து. எடது பக்க நுரையீரலு பாதி போச்சுங்கறாங்க. இனி களத்து வேலைக்குப் போக முடியாது.

நீ இதை மனசுல ஏத்திக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


சிங்காநல்லூர்
14.9.97

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் உங்கள் பக்கத்திலேயே இருந்தேன். என்னால் வாய் திறக்க முடியவில்லை. மாமா என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் நீங்கள் கேட்டீர்கள், மாத்திரையை நிறுத்தலாமா என்று. அந்தக் கடிதம் எனக்கு வந்தது. படித்தேன். மறந்துபோகவில்லை, வேலையில் விட்டுப்போகவும் இல்லை. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் வேண்டாம் என்று எழுத வேண்டுமே! எலிக்குத்தான் பார்த்தோம், மனிதருக்குப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கலாம். காசநோய்க் கிருமிக்கும் இந்தச் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதியிருக்கலாம். அதற்கடுத்து, எலி விஷயத்திலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்றும் எழுத வேண்டியிருந்திருக்கும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆமாம் அக்கா, ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். கீழ்த்தட்டு எலிகள் ரோமம் சிலிர்த்துப் போய், ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. தினமும் கூண்டு கழுவினவன் நான். அதை நோட்டில் எழுதவில்லை. எழுதினால் சோதனையைத் திரும்பத் தொடங்க வேண்டும். சார் 'ங்க' போட்டுப் பேசியதெல்லாம் போய்விடும் என்று பயந்தேன். உங்களுக்கு உண்மையை எழுதினால் எனக்கும் எழுதிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் ஆட்டு இரத்தத்தைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் வேடிக்கையாக எழுதினேன். 'விடாமல் தொடர்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்' என்றேன். எதை என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது தெரிந்தேதான்.

அம்மா போன பிறகு நீங்கள் பிளஸ் டூவோடு நின்றுகொண்டு என்னைப் படிக்க வைத்தீர்கள். அந்தப் படிப்பை நம்பித்தான் என்னிடம் கேட்டீர்கள். மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

ஆல்வின்


காங்கேயம்
26.10.97

கண்ணு ஆல்வினுக்கு,

உன்ற கடுதாசியை ஆறு வாரமா ஜாக்கெட்டுக்குள்ளயே வெச்சுட்டுத் திரியறேன். மாமாவுக்கு இருமல் அடங்கியிருக்குது, ரத்தம் இல்ல. அடுத்த வாரம் ஊட்டுக்கு உடறாங்க. உன்ற உடம்பு எப்படி? நீயும் எளைச்சுப் போயிட்டயாமா, பங்குச் சாமியார் உன்னையப் பாத்தேன்னு சொன்னாரு.

நீ எல்லாத்தையும் உன்ற தலையில போட்டுக்கிட்டே. நான் அதை அப்படியே உட்டுட்டா எனக்குச் சௌகரியந்தான். ஆறு வாரம் உட்டும் பாத்தேன். முடியலை.

மார்ச் மாசம் உன்ற கடுதாசி வந்துச்சு. நீ பதில் எழுதலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கறவளா நான்? மூணு தடவை படிச்சேன். 'சரி'ன்னும் இல்ல, 'வேண்டாம்'னும் இல்ல. அன்னிக்குச் சாயங்காலம் மாமா வேலையில இருந்து வந்து, "தம்பி என்ன எழுதியிருக்கறான்?"னு கேட்டாரு. நான் அடுப்புப் பக்கம் திரும்பிட்டு, "லேகியமே போதும், மாத்திரையை நிறுத்திக்கச் சொல்லியிருக்கறான்"னு சொல்லிப்போட்டேன்.

நீ சொல்லாததை நீ சொன்னேன்னு சொன்னேன், கண்ணு.

அதுக்கு மொத நாளு ராசாத்தாள் அம்மா எங்கூட்டுக்கு வந்திருந்தாங்க. அரிசி பொடைக்கலாம்னு பானையை எடுத்தாங்க. எனக்கு உசுரே நின்னுபோச்சு. வேற பேச்சுப் பேசி வாங்கி வெச்சுட்டேன். தீபக்கை நிறுத்திட்டா மத்த தோட்டத்துக்காரங்களும் நிறுத்துவாங்க, நான் மறுபடி அவங்க வாசல்ல நிக்கற ராசப்பன் மகளாயிருவேன், அதுதான் என்ற நெனப்பு பூராம். ஊட்டுக்காரரு உசுரை விட எனக்கு 'டீச்சர்'ங்கற பேரு பெருசாப் போச்சு.

இப்ப ஊருக்கே தெரியும். நர்சம்மா வந்து என்ற சளியை எடுத்துட்டுப் போனாங்க, எனக்கு ஒண்ணும் இல்லையாம். ஆனா பால்வாடிப் பிள்ளைக இருபத்திரெண்டு பேருக்கும் கையில ஊசி போட்டு, மூணு நாள் கழிச்சுத் தடிக்குதான்னு பாத்தாங்க. ஒவ்வொரு பிள்ளையா அழுதுச்சு. நான்தான் மடியில வெச்சுப் புடிச்சுக்கிட்டேன். தீபக்குக்கு ஒண்ணும் இல்ல. ராசாத்தாள் அம்மா என்னையத் திட்டலை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே டீச்சர்"னு மட்டும் கேட்டாங்க. பேரனைத் தூக்கிட்டுப் போனாங்க, அப்பறம் அனுப்பலை. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்யதை?

தடிச்சது ஒரே ஒரு கைதான். நம்ம இளவேனில். கழுத்துல நெல்லிக்கா அளவுக்குக் கட்டி இருந்திருக்குது. ஆடி மாசத்துல இருந்தே இருமறா, தெனமும் தலை சீவி உடறேன், எனக்குக் கண்ணுல படலை. அவளுக்கும் ஆறு மாசம் மாத்திரை. சரியாயிரும்னு டாக்டர் சொல்றாரு.

இன்னும் மாமாகிட்ட நான் இதைச் சொல்லலை. அவரு நீ எழுதினேன்னுதான் நெனச்சுட்டு இருக்கறாரு. ஆஸ்பத்திரியில உன்னையப் பாக்காமத் திரும்பிக்கிட்டாரே, அப்பவே சொல்லியிருக்கோணும்.

அக்கா


சிங்காநல்லூர்
30.11.97

அன்புள்ள ஜெரோம் மாமாவுக்கு,

மச்சான் ஆல்வின் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் வீட்டுக்கு வந்து, ஊசியும் முடிந்துவிட்டது என்று அறிந்தேன். இப்போது இருமல் எப்படி இருக்கிறது? பசி எடுக்கிறதா? குட்டியின் கழுத்துக் கட்டி வற்றியிருக்கிறதா?

இங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நஞ்சப்பன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீழ்த்தட்டு, ஜெனரேட்டர், நான் நோட்டில் எழுதாதது, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "ரெண்டு வருசம் போச்சுங்களே" என்றார். அதற்கும் 'ங்க' போட்டார், மாமா. அன்றைக்கே மாநாட்டுக்குக் கடிதம் எழுதி, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். சோதனையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். குல்சும்தான் கூண்டுகளை வைக்கிறார். நான் எண்ணுகிறேன். எது எந்தக் கூட்டத்து இரத்தம் என்று எண்ணி முடிக்கும்வரை எனக்குச் சொல்ல மாட்டார்.

பொள்ளாச்சிக்கும் போனேன். சென்னகிருஷ்ணன் வைத்தியர் முழுக்கக் கேட்டுவிட்டு, "காசத்துக்குன்னு ஆரு வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தானுங்க அனுப்புவேன். இது நோவு தீந்தப்பறம் ஒடம்பு தேர்றதுக்கு. நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பனே" என்றார். இரண்டு வருடம் அவரிடம் லேகியம் வாங்கியிருக்கிறேன். எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

மாமா, மார்ச் மாதம் மாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுதினவன் நான்தான். அக்காவுக்கு நான் எழுதினதைத்தான் அக்கா உங்களிடம் சொன்னார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. கோபத்தை என்மேல் மட்டும் வையுங்கள். அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள்.

தங்கள்,
ஆல்வின்


காங்கேயம்
4.1.98

மாப்பிள்ளை ஆல்வினுக்கு,

ஜெரோம் எழுதறது. எல்லா ஊட்டுக் கடுதாசியையும் மெர்சியே எழுதிப் பழகிப்போச்சு, எனக்குக் கோடு கோணும், பொறுத்துக்கோங்க. எனக்குத் தேவலைங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, அவ்வளவுதான். மில்லுல கேட்டுல உக்காந்து வண்டி நெம்பர் எழுதற வேலை குடுத்திருக்கறாங்க. பாப்பாவுக்குக் கட்டி வத்திட்டே வருது. காலையில ரெண்டு பேரும் எதுரெதுரா உக்காந்து மாத்திரை முழுங்கறோம். அவ எனக்கு முந்தி முழுங்கிப்போட்டு வாயைத் தொறந்து காட்டறா. பால்வாடிக்குப் பிள்ளைக ஒண்ணு ரெண்டா வரத் தொடங்கியிருக்குதுக. தீபக் இன்னும் வரலை.

உங்க கடுதாசியைப் படிச்சேன். அதுல நீங்க பொய் எழுதியிருக்கறீங்க, மாப்ளே.

மார்ச் மாசம் மெர்சி அப்படிச் சொன்னப்ப, எனக்கு அதைக் கண்ணுல பாக்கோணும்போல இருந்துச்சு. அவ கையில கேக்கக் கூச்சம். ஞாயித்துக்கிழமை அவ கோயிலுக்குப் போனப்பறம் பெட்டியைத் தொறந்து எடுத்துப் படிச்சேன். ஆட்டு ரத்தம் இருந்துச்சு, ஜெனரேட்டரு இருந்துச்சு. மாத்திரையை நிறுத்துன்னு எங்கயும் இல்ல. திருப்பிப் பாத்தேன், பின்னாடியும் இல்ல. மடிச்சு அப்படியே வெச்சுட்டேன்.

தெரிஞ்சுதானுங்க நிறுத்தினேன். எனக்கு அந்த மாத்திரை மேல வெறுப்பு. களத்துல எல்லாரு முன்னாடியும் வாந்தி எடுக்கறதும், மேஸ்திரி கேக்கறப்பத் தின்ன சோறு சேரலைன்னு பொய் சொல்றதும் எனக்குப் போதும்னு ஆயிருச்சு. நீங்க சொல்லலைன்னு தெரிஞ்சும், மச்சான் படிச்சவரு சொல்லிட்டாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்த இருமலோடதான் பாப்பாவை நெஞ்சு மேல போட்டுத் தூங்க வெச்சேன். ஆஸ்பத்திரியில உங்களைப் பாத்துத் திரும்பிப் படுத்தது கோவத்துல இல்ல. உங்க மூஞ்சியில முழிக்க முடியலைங்க.

மெர்சி தெனமும் எங்கிட்ட என்னமோ சொல்ல வாரா. தண்ணிச் சொம்பை வெச்சுட்டு நிக்கறா. அப்பறம், "வெந்நி போடட்டுங்களா?"ன்னு கேட்டுட்டுப் போயிடறா. அவ என்ன சொல்ல வாரான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் தொறக்காம இருக்கறேன். அவ சொல்லிப்போட்டா அப்பறம் நானும் சொல்லோணுமே. அவ எளைச்சுட்டே போறா, நான் பாத்துட்டே உக்காந்திருக்கறேன். நுரையீரலு போனதை விட இதுதானுங்க எனக்குப் பெரிய நோவு.

பொங்கலுக்கு உங்களுக்கு லீவு உடுவாங்கல்ல? வந்துருங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவால உக்காந்துக்கோங்க. மொதல்ல நான் சொல்லிப்போடறேன்.

ஜெரோம்